அப்பாவுக்கு மறதி: முதல்முறை மருத்துவரிடம் போகிறவர்களுக்கு

"எந்த ஸ்கேன் எடுத்தா தெரியும்?" வீட்டுப் பெரியவரின் மறதிக்காக மருத்துவரைத் தேடும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். ஸ்கேன் நான்காவது படி. அதற்கு முன்னால் மூன்று இருக்கின்றன: கூடவே இருப்பவர் சொல்லும் விவரம், தினமும் விழுங்கும் மாத்திரைகளின் பட்டியல், சாதாரண ரத்தப் பரிசோதனை. இந்த மூன்றையும் தாண்டிக் குதித்து நேரே எம்ஆர்ஐ எடுப்பவர்கள் நிறைய. ரிப்போர்ட்டில் வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம் என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்து வீடே கலங்கிப் போகும். கடைசியில் அம்மா குழம்பியதற்குக் காரணம் உடம்பில் சோடியம் இறங்கியது என்று தெரியவரும்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா (அன்றாட வேலை கெடும் அளவுக்கு நினைவும் சிந்தனையும் குறையும் நோய்) இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. சின்ன எண்ணிக்கை இல்லை. ஆனால் பெரும்பாலான முதியவர்களுக்கு அது இல்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. ஆகவே "வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவதும் தப்பு, இரண்டு தடவை சாவியைத் தொலைத்ததும் அல்சைமர் (டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை) என்று முடிவுகட்டுவதும் தப்பு.

எதைக் கவனிப்பது

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது, ஒருவர் பெயர் நாக்கு நுனியில் நின்று அரை மணி கழித்து ஞாபகம் வருவது, இதெல்லாம் எல்லோருக்கும் உண்டு. கவலைப்பட வேண்டியது, நாற்பது வருஷமாகக் கைவந்த வேலை கைநழுவும்போது. தினமும் குழம்பு வைத்த அம்மா புளியைக் கரைத்து வைத்துவிட்டு அடுத்து என்ன என்று நிற்கிறார். அப்பா பால்காரருக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் கொடுக்கிறார். பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து வீடு திரும்ப வழி தெரியவில்லை. ஐந்து நிமிஷம் முன்பு கேட்ட கேள்வியை அதே சொற்களில் மறுபடி கேட்கிறார். நீங்கள் பதில் சொன்னது அவர் நினைவிலேயே இல்லை. பெரிய புள்ளிக்கோலம் போட்டவர் நாலு கோட்டோடு எழுந்துவிடுகிறார் என்றால் அது முட்டிவலியாகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

மறதியே இல்லாமலும் தொடங்கலாம். பேச்சில் பெயர்ச்சொற்கள் உதிர்ந்து "அது... அந்த இது..." மட்டும் மிஞ்சும். வீட்டு வேலைக்கு வருபவர் செயினை எடுத்துவிட்டார் என்ற சந்தேகம் தினசரிச் சண்டையாகும். அளந்து பேசிய மனிதர் கல்யாண வீட்டில் கூச்சமில்லாமல் நடந்துகொள்வார், இனிப்பை அள்ளி அள்ளித் தின்பார். ஐம்பதுகளிலேயே இப்படி ஆனால் மூளையின் முன்பகுதியைத் தாக்கும் ஒரு வகை நோயை மருத்துவர் யோசிப்பார். கூடத்தில் இல்லாத குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வது, தூக்கத்தில் கத்திக் கையை வீசுவது, நடை மெதுவாவது, இவை சேர்ந்து வந்தால் லூயி பாடி எனும் இன்னொரு வகை டிமென்ஷியா.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "சாப்டியா, அங்க குளிரா, பசங்க நல்லா இருக்காங்களா" என்று அம்மா தெளிவாகப் பேசுவார். பழகிய உபசாரப் பேச்சு கடைசிவரை தங்கும். அதை வைத்துக்கொண்டு, ஊரில் கூட இருக்கும் தங்கையிடம் "அம்மா நல்லாத்தானே பேசுறாங்க, நீ ஏன் பெருசு பண்ற?" என்று கேட்காதீர்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வருவது ஒன்று. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று ஆளைத் தெரியாமல் பேசுவது முற்றிலும் வேறு. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்த குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, சர்க்கரை மிகவும் இறங்குவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதாவது இருக்கும். முதியவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வருவதுண்டு. பினாத்துகிறார் என்று படுக்க வைத்துவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளி என்றால் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்ப்பது முதல் வேலை.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொய்வது, திடீரென்று பேச்சு குழறுவது பக்கவாதத்தின் அடையாளங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உடனே 108.

விழுந்ததையும் லேசாக எடுக்கக் கூடாது. பாத்ரூமில் வழுக்கித் தலையில் சின்ன வீக்கம், வலியில்லை, எல்லோரும் மறந்தும் போனார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தூங்கி வழிகிறார், நடை தள்ளாடுகிறது, பேச்சில் குழப்பம். மண்டையோட்டுக்குள் மெல்ல ரத்தம் கட்டியிருக்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை எடுப்பவர்களிடம் இது இன்னும் சாத்தியம். இங்கே ஸ்கேன் முதல் படிக்கு வந்துவிடும். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் ரத்தத்தை எடுத்துவிட்டு ஆளைப் பழையபடி ஆக்கிவிட முடியும்.

யாரிடம் போவது

அவசரம் இல்லையென்றால் ஏற்கெனவே பார்க்கும் குடும்ப மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவிலோ தொடங்கலாம். ரத்தப் பரிசோதனையை எழுதித்தரவும் மாத்திரைகளைச் சரிபார்க்கவும் அவரே போதும். பிறகுதான் நிபுணர்.

நிபுணர்களில் மூன்று பேர் இதைப் பார்ப்பார்கள். வயது 65க்குக் கீழ் என்றாலோ, சில மாதங்களிலேயே வேகமாக மோசமானாலோ, நடை, பேச்சு, வலிப்பு என்று உடம்பிலும் மாற்றம் இருந்தாலோ நரம்பியல் மருத்துவர். சந்தேகம், அழுகை, தூக்கமின்மை, இல்லாததைப் பார்ப்பது, அடிக்க வருவது இவை தூக்கலாக இருந்தால் மனநல மருத்துவர். ஏழெட்டு நோய், பத்துப் பன்னிரண்டு மாத்திரை, அடிக்கடி விழுவது என்றால் முதியோர் நல மருத்துவர். எந்தக் கதவைத் தட்டினாலும் தேவைப்பட்டால் அவர்கள் அடுத்தவரிடம் அனுப்புவார்கள். சரியான கதவு எது என்று யோசித்தே ஆறு மாதம் போக்குவதைவிட அருகில் இருப்பவரிடம் போவது நல்லது. மனநல மருத்துவர் என்றதும் சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். டிமென்ஷியாவைப் பார்ப்பது அவர்கள் அன்றாட வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

முதியோர் மருத்துவத்தில் சென்னைக்குப் பழைய வரலாறு உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான தனிப் பிரிவு 1978லேயே தொடங்கியது. அதை முன்னின்று செய்தவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம் டெம்கேர்ஸ் என்ற பெயரில் டிமென்ஷியாவுக்கென்றே தனிச் சேவை நடத்துகிறது. மற்ற மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் முதல் முகவரி. மனநலப் பிரிவு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உண்டு. வடமாவட்டக்காரர்கள் வேலூர் சிஎம்சிக்கும், கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்தவர்கள் பெங்களூரு நிமான்ஸுக்கும் போவது வழக்கம்.

எங்கே போவதென்றே புரியவில்லை என்றால் 14416க்குப் பேசலாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசுவார்கள். முதியோருக்கான பொது உதவி எண் 14567.

இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். கூட்டமான ஓபியில் மருத்துவர் உங்களுக்குக் கொடுக்கப்போவது சில நிமிஷம். "ஞாபகமறதி டாக்டர்" என்று தொடங்கினால் அந்த நேரம் அவர் கேள்வி கேட்பதிலேயே தீர்ந்துவிடும். டிமென்ஷியாவை எந்த ரத்தப் பரிசோதனையை விடவும் அதிகமாகக் காட்டிக்கொடுப்பது கூட வாழ்கிறவர் சொல்லும் விவரம். நோயாளியால் அதைச் சொல்ல முடியாது. மறந்ததையே மறந்திருப்பார்.

ஒரு நோட்டில் தேதியோடு எழுதத் தொடங்குங்கள், ஒரு வாரம் பத்து நாள் போதும். கருத்து எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். "ரொம்ப மறதி" என்பதை வைத்து மருத்துவர் எதையும் செய்ய முடியாது. "செவ்வாய்க்கிழமை காலை பேரன் கல்யாணம் எப்போது என்று ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை கேட்டார், போன மாதம்தான் அந்தக் கல்யாணத்துக்குப் போய்வந்தோம்" என்பது முழு விவரம்.

பிறகு அதைச் சுருக்கி இரண்டு பக்கமாக்கிக்கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

முதலில் கவனித்தது என்ன, எப்போது. தேதி தெரியாது என்றால் ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்து யோசியுங்கள்: பேத்தி சடங்குக்கு முன்பா பின்பா, கொரோனா சமயத்தில் கணக்கு வழக்கு எல்லாம் அவரே பார்த்தாரா?

எப்படிப் போகிறது. மெல்ல மெல்ல இறங்குகிறதா, மாடிப்படி மாதிரி ஒரு நாள் திடீரென்று இறங்கி, கொஞ்ச நாள் அப்படியே நின்று, மறுபடி இறங்குகிறதா? மெல்லச் சரிவது அல்சைமரின் போக்கு. படிப்படியாக விழுவது மூளையின் ரத்தக்குழாய் அடைப்புகளால் வரும் வகையில் அதிகம். ஒரே நாளில் காலை தெளிவு, மாலை குழப்பம் என்று மாறினால் அதையும் எழுதுங்கள்.

முன்பு செய்தது, இப்போது முடியாதது. இதற்கு அவர் யார் என்று சொல்ல வேண்டும். எட்டாவது படித்து மளிகைக்கடை நடத்தியவருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை, பணம், போன், சமையல், தனியாக வெளியே போவது என்று ஒவ்வொன்றிலும் எவ்வளவு துணை தேவைப்படுகிறது என்று எழுதுங்கள்.

நடை, சிறுநீர். கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நடை, சிறுநீரை அடக்க முடியாமை, மறதி மூன்றும் சேர்ந்தால் மூளையில் நீர் தேங்கும் ஒரு நிலை இருக்கலாம். அறுவை சிகிச்சையால் மேம்படக்கூடியது. சிறுநீர் விஷயத்தை அம்மா வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார், மகனுக்குத் தெரியவே தெரியாது. மருமகளைக் கேளுங்கள்.

மனசு. துணை இறந்த பிறகு ஆரம்பித்ததா? எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறாரா, சாப்பாடும் தூக்கமும் குறைந்துவிட்டதா? மன அழுத்தம் முதியவர்களிடம் மறதி வேஷத்தில் வரும், மருந்தில் குணமாகும்.

குடிப்பழக்கம், பழைய விபத்து, வலிப்பு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி. குடியை மறைத்து எழுதினால் குறிப்பே வீண்.

இந்தக் காகிதத்தை அப்பாவின் எதிரில் உரக்கப் படிக்க வேண்டாம். ஓபி சீட்டோடு சேர்த்து நீட்டிவிடுங்கள். தன் குறைகளை மகன் வரிசையாக ஒப்பிப்பதை உட்கார்ந்து கேட்பது எந்த மனிதருக்கும் அவமானம், நோய் இருந்தாலும்.

மாத்திரைப் பையை அப்படியே தூக்குங்கள்

பட்டியல் எழுதுவதை விட, அட்டை, பாட்டில், சொட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது. சித்த மருந்து, ஆயுர்வேத லேகியம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது, பக்கத்து வீட்டு மாமி கொடுத்தது, அலமாரியில் கிடக்கும் பழைய அட்டை, எதையும் விடாதீர்கள். மறதிக்கான காரணம் சில நேரம் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும்.

தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம், குளோனசெபம் முதியவர்களைக் குழப்பும், விழவும் வைக்கும். சளி மாத்திரையிலும் இருமல் சிரப்பிலும் இருக்கும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், கை நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்சிபெனிடில், சிறுநீர் அடங்கத் தரும் ஆக்சிபியூட்டினின் ஆகியவை ஞாபகசக்திக்குத் தேவையான ஒரு மூளை ரசாயனத்தை அமுக்குகின்றன. ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் சோடியத்தை இறக்கும், தயசைடு வகை குறிப்பாக. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுப்பவர்கள் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிக் குழம்புவார்கள். வருஷக்கணக்கில் மெட்ஃபார்மினும், வயிற்று எரிச்சலுக்கு பான்டோபிரசோலும் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். மாத்திரை போட்டதை மறந்து மறுபடி போடுகிறாரா என்று அட்டையை எண்ணியும் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். பல வருஷம் எடுத்த தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

"எனக்கு ஒண்ணுமில்ல, நான் வரமாட்டேன்"

பெரும்பாலான வீடுகளில் வண்டி நிற்கும் இடம் இதுதான். தனக்கு மறதி இல்லை என்று அவர் சொல்வதை வீம்பு என்று நினைக்காதீர்கள். தன் குறையை உணரும் பகுதியையும் இந்த நோய் தொட்டுவிடுவதுண்டு. வாதாடி ஜெயிக்க முடியாது. "நேத்து அடுப்பை அணைக்காம விட்டியே" என்று சாட்சி வைத்தால் கோபம்தான் மிஞ்சும்.

கோயிலுக்கு என்று சொல்லி ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவதைப் பலர் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருமுறை நடக்கும், இரண்டாம் முறை வண்டியிலேயே ஏறமாட்டார். உண்மையிலேயே பார்க்க வேண்டிய ஒன்றைக் காரணமாக்குங்கள்: பிபி, சர்க்கரை பார்த்து நாளாச்சு, தலைசுற்றல் என்றீர்களே, தூக்கம் சரியில்லையே. அதுவும் அங்கே பார்க்கப்படும் என்பதால் பொய்யில்லை. வீட்டில் யார் சொன்னால் கேட்பாரோ அவர் சொல்லட்டும். மகன் சொல்லிக் கேட்காத அப்பா பேத்தி கையைப் பிடித்தால் எழுந்துவிடுவார். அம்மாவும் சேர்ந்து "எனக்கும் பார்க்கணும், ரெண்டு பேரும் போவோம்" என்றால் இன்னும் சுலபம்.

போகும் நேரம் காலையாக இருக்கட்டும். பலருக்கு மாலையில் குழப்பம் கூடும். வெறும் வயிற்றில் அழைத்துப் போகலாமா என்று லேபில் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளியை டோக்கனுக்காகப் பதினோரு மணிவரை பட்டினி போட்டு, அந்த மயக்கத்தில் ஞாபகசக்திப் பரீட்சை வைப்பதில் பொருளில்லை. கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் மறக்காதீர்கள். காதில் அழுக்கு அடைத்துக் கேட்காமல் போனவர், கண்புரையால் ஆளைத் தெரியாதவர் என்று மறதிக்காரர்களாகத் தோற்றமளிப்பவர்கள் உண்டு.

பரிசோதனை அறையில்

மருத்துவரோ மனநல ஆலோசகரோ கேள்விகள் கேட்பார். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், மூன்று சொல்லைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வது, நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது, கடிகாரம் வரைவது. எம்எம்எஸ்இ, மோக்கா என்று இவற்றுக்குப் பெயர். இரண்டும் 30 மதிப்பெண்ணுக்கு. பாஸ், ஃபெயில் என்று பார்க்காதீர்கள். நன்றாகப் படித்தவர் ஆரம்ப நிலையில் 28 வாங்கிவிடுவார். பள்ளிக்கே போகாதவர் நோயே இல்லாமல் 20 வாங்குவார். மோக்காவில் படிப்புக் குறைந்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடும் விதியே உண்டு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கேற்ற கேள்வி முறைகள் இருக்கின்றன. எழுத்தறிவு குறைந்த முதியவர்களையும் சேர்த்து அளக்கும் வகையில் பல நாடுகளில் நடந்த 10/66 என்ற டிமென்ஷியா ஆய்வில் சென்னையும் வேலூர்க் கிராமங்களும் இடம்பெற்றன.

இங்கே உங்கள் வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது. கஷ்டம்தான். அப்பா தடுமாறும்போது எடுத்துக்கொடுக்க நாக்கு துடிக்கும். பதில் தெரியாமல் அவர் உங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பதே மருத்துவருக்கு ஒரு தகவல். "தெரியலை, தெரியலை" என்று முயலாமலே விடுவது மன அழுத்தத்தில் கூடுதலாகத் தென்படும். முயன்று தவறாகச் சொல்வது, சிரித்து மழுப்புவது அல்சைமரில். நீங்கள் கிழமையைக் கிசுகிசுத்தால் இவ்வளவும் கெட்டுப்போகும். "இது கூடத் தெரியலையாப்பா" என்பதும் வேண்டாம்.

வாய்ப்பிருந்தால் அப்பா வெளியே உட்கார்ந்திருக்கும்போது இரண்டு நிமிஷம் தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். அவருக்கும் மருத்துவரிடம் தனியாகப் பேச நேரம் கொடுங்கள். உங்களிடம் சொல்லாத பயம் ஒன்று அவரிடம் இருக்கலாம்.

ரத்தம், பிறகு ஸ்கேன்

வழக்கமாக எழுதும் ரத்தப் பரிசோதனைகள்: ரத்த அணுக்கள், சர்க்கரை, சிறுநீரகம், ஈரல், சோடியம், பொட்டாசியம், கால்சியம், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், வைட்டமின் பி12. சிலருக்கு எச்ஐவியும் மேகநோய்ப் பரிசோதனையும் சேர்ப்பார்கள்; அப்பாவின் நடத்தையைச் சந்தேகிப்பதாக நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள், குணப்படுத்தக்கூடிய காரணம் எதையும் விட்டுவிடாமல் இருக்கத்தான். டிஎஸ்ஹெச், பி12, சோடியம் மூன்றும் எழுதப்படவில்லை என்றால் பணிவாகக் கேளுங்கள். சரிசெய்யக்கூடிய காரணங்கள் இந்த மூன்றில்தான் அடிக்கடி அகப்படுகின்றன.

ஸ்கேனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிடி ஸ்கேன் சீக்கிரம் முடியும். ரத்தக்கட்டு, கட்டி, நீர்த்தேக்கம், பெரிய அடைப்பு தெரியும். எம்ஆர்ஐயில் நுண்ணிய அடைப்புகளும் ஞாபகத்துக்கான பகுதி சுருங்கியிருப்பதும் தெரியும். ஆனால் அரை மணிபோல அசையாமல், டமடம சத்தத்தில் படுத்திருக்க வேண்டும். பேஸ்மேக்கரோ உடம்பில் உலோகமோ இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். தாலி, மூக்குத்தி, மெட்டி எல்லாம் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற அம்மா அழுவார், ஸ்கேன் அன்று அங்கே போராடுவதை விட முந்தைய நாளே வீட்டில் பக்குவமாகச் சொல்லி மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிவிடுவது நல்லது. அரசு மருத்துவமனைகளில் தனியாரை விடக் குறைந்த கட்டணத்தில் எடுக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் கிடைக்குமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

ஸ்கேன் நார்மல் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. சுருக்கம் இருக்கிறது என்றால் நோய் உறுதி என்றும் இல்லை. படத்தை உங்கள் இரண்டு பக்கத்தோடு சேர்த்துப் படிப்பவர் மருத்துவர்.

பதில் வந்த பிறகு

பதில் மூன்று விதமாக வரலாம். சரிசெய்யக்கூடிய காரணம் கிடைக்கலாம். அதற்கு மருந்து எடுத்துச் சில மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. லேசான அறிவாற்றல் குறைவு என்று சொல்லலாம். நினைவு குறைந்திருக்கிறது, அன்றாட வேலை கெடவில்லை என்ற நிலை. சிலருக்கு இது டிமென்ஷியாவாகும், சிலர் அப்படியே இருப்பார்கள், சிலர் சரியாகியும்விடுவார்கள். ஆறு மாதம், ஒரு வருஷத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மூன்றாவது, டிமென்ஷியா. அப்போது "எந்த வகை?" என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அல்சைமர் மட்டும் 60 முதல் 70 சதவீதம். லூயி பாடி வகை என்றால், பின்னால் வேறு காரணத்துக்காக எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும் அதை முதலில் சொல்ல வேண்டும். குழப்பத்தை அடக்கப் போடும் ஹாலோபெரிடால் போன்ற ஊசி அவர்களுக்கு ஆபத்தாகலாம்.

டோனிபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின், மெமன்டின் என்ற மருந்துகள் அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும், நோயை நிறுத்தாது. டோனிபெசில் வகையில் வயிற்றுப்போக்கு, குமட்டல், நாடித்துடிப்பு குறைவது வரலாம் என்பதால் முன்னதாக ஒரு இசிஜி எடுப்பது நல்லது. ரிவாஸ்டிக்மின் தோலில் ஒட்டும் பட்டையாக வந்தால் பழையதை உரித்துவிட்டுத்தான் புதிதை ஒட்ட வேண்டும். முதுகில் இரண்டு மூன்று பட்டை சேர்ந்தால் விஷமாகும். வாட்ஸ்அப்பில் சுற்றும் புது ஊசி லெக்கனெமாப், அமெரிக்காவில் 2023இல் முழு அனுமதி பெற்றது. ஆரம்பநிலை அல்சைமருக்கு மட்டும் உரியது, மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வருகிறதா என்று அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். முற்றிய நிலையில் இருப்பவருக்கு அதைத் தேடி அலைவதில் பயனில்லை. மூளை டானிக்குகளுக்கு மாதாமாதம் கொட்டும் பணத்தில் பகலில் துணைக்கு ஓர் ஆள் வைக்கலாம் என்பது என் எண்ணம். வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடட்டும், ருசிக்காக.

அவரிடம் சொல்லலாமா? ஆரம்ப நிலையில் இருந்து, அவரே கேட்டால் சொல்ல வேண்டும் என்பேன். அவருடைய பணம், வீடு, விருப்பம் பற்றி அவரே முடிவெடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. பலர் பவர் பத்திரம் எழுதி வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நம் சட்டப்படி, எழுதிக்கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்தால் அந்தப் பவரும் செல்லாது. உயில் எழுதுவது, வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவது, நாமினி போடுவது எல்லாவற்றையும் தெளிவு இருக்கும்போதே, தெளிவோடு இருக்கிறார் என்ற மருத்துவச் சான்றோடு, ஒரு வழக்கறிஞரைப் பார்த்துச் செய்துவிடுங்கள். பைக் சாவி, கேஸ் சிலிண்டர் வால்வு, சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு, இந்த மூன்றையும் அதே வாரத்தில் கவனியுங்கள்.

பார்த்துக்கொள்பவர்களுக்கு வழிகாட்ட ஏஆர்டிஎஸ்ஐ (அல்சைமர் மற்றும் அதைச் சார்ந்த நோய்களுக்கான இந்தியச் சங்கம்) என்ற அமைப்பு இருக்கிறது. 1992இல் கேரளத்தில் தொடங்கியது, சென்னையிலும் கிளை உண்டு.

இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது தப்பில்லை. வயது 65க்குக் கீழ் இருந்தால், ரத்தப் பரிசோதனையே செய்யாமல் அல்சைமர் மாத்திரை எழுதியிருந்தால், மருந்து தொடங்கியதும் மோசமானால், சில வாரங்களிலேயே வேகமாகச் சரிந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள். போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல் படத்தையும் அது பதிவான குறுந்தகட்டையும் சேர்த்தே கொண்டுபோங்கள்; இல்லையென்றால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.